கொருக்குப்பேட்டை கேட்

முதல்தடவை எந்த வயசில்?
ஒவ்வொரு புது டாக்டரும் கேட்கிறார்.
ஒரு வயசு நாலு மாசம், சார்.
நூத்திமூணு காய்ச்சல்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.

எவ்வளவு நேரம் இழுத்தது?

கடிகாரம் பார்க்கவில்லை.
சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது.
இன்ஜின் தாண்டும்போது
லோகித் என் மடியில் வில்லாக விறைத்தான்.
நாலாவது டேங்கரில் கண் மேலே செருகியது.
பதினொன்றில் கையும் காலும் வெட்ட ஆரம்பித்தன.
ஆட்டோக்கார ஜாகிர் அண்ணன்
வண்டிச் சாவியை உருவி
அவன் கைக்குள் திணித்தார்.
இரும்பு பிடித்தால் நின்றுவிடுமாம்.
நிற்கவில்லை.
முப்பத்தெட்டில்தான் உடம்பு தளர்ந்தது.
கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு
பச்சைக் கொடியோடு எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்.

அந்த டாக்டர் சிரிக்கவில்லை.
"மூணு நிமிஷம்னு வச்சுக்குவோம்" என்று எழுதினார்.
"காய்ச்சல் வலிப்பு. அஞ்சாறு வயசுல
பெரும்பாலும் விட்டுடும்."

பெரும்பாலும்.
அந்த ஒரு வார்த்தையோடு ஐந்து வருஷம் குடித்தனம் செய்தேன்.

ஆறரை வயசில் வந்தது வேறு.
விழவில்லை, நுரையில்லை.
டீச்சர் டைரியில் எழுதினாள்: கவனம் போதாது.
தெருக்குழாயில் குடம் வழிகிறது,
இவன் பார்க்கிறான், பார்க்கவில்லை.
இமை மட்டும் துடிக்கிறது.
இரண்டு அடி வைத்தேன் முதுகில்.
அந்த அடி இன்னும் என் கையில் இருக்கிறது.

ஸ்டான்லியில் பெஞ்சு நிறைய நாங்கள்.
எண்ணூர்க்காரி மடியில் ஐந்து மாசக் குழந்தை.
தூங்கி எழுந்ததும் கைகளைக் குவித்துக் குனியுமாம்,
அடுத்தடுத்து இருபது தடவை.
வணக்கம் சொல்லுது என்று
வீட்டில் எல்லோரும் திருப்பி வணக்கம் வைத்தார்களாம்.
சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.
அந்தப் பக்கம் பத்தாவது படிக்கும் பெண்.
காலையில் காபி டம்ளர் தானாகப் பறக்கிறது கையிலிருந்து.
வீட்டில் திமிர் என்றார்கள்.

உள்ளே பியூலா சிஸ்டர்
அவன் தலையெல்லாம் பசை வைத்து ஒயர் ஒட்டி
காகிதக் காற்றாடி ஒன்றை நீட்டினார்.
ஊது கண்ணு, நல்லா ஊது, விடாம ஊது.
சுற்றியது. சுற்றியது. மெதுவானது.
நின்றது.
அவன் அங்கே இல்லை.
திரையில் முள்ளும் மேடுமாய்,
முள்ளும் மேடுமாய்.
"பாத்தீங்களா? நொடிக்கு மூணு."
வெட்கமாக இருக்கிறது சொல்ல,
எனக்கு அழுகையோடு ஒரு சந்தோஷம்.
நான் மட்டும் பார்த்ததை
இன்னொருத்தியும் பார்த்துவிட்டாள்.

மாத்திரை இரண்டு வேளை.
ஒருவேளையும் விடக்கூடாது.
வருகிற நாளெல்லாம் நோட்டில் எழுதணும்.

திரும்பும்போது கேட் போட்டிருந்தது.
"நான் எண்றேம்மா" என்றான்.
பதினாலு, பதினஞ்சு…
நான் மூச்சு விடவில்லை.
பதினாறு, பதினேழு.

கேட் திறந்தது. பைக்குகள் உறுமின.
அவன் கணக்கில் முப்பத்தாறு பெட்டி.
என் கணக்கில் நாற்பத்தொன்று.
சண்டை போட்டான், நான்தான் தப்பென்று.
ஆமாண்டா, நான்தான் என்றேன்.

அந்த ஐந்து பெட்டியை
தேதி போட்டு எழுதிவைத்தேன்.