வெட்டிய இடம்

லோஹர் ப்ரூக்கே நிறுத்தத்துக்கு எதிரே
முன்பு நாடா நெய்த ஆலையின் மூன்றாம் மாடி.
ஐந்து மாதமாக அங்கே என் வேலை
ஒரு மனிதர் மறப்பதை வெட்டி ஒட்டுவது.

ஜன்னலுக்கு வெளியே வுப்பர் ஆற்றின் மேல்
தொங்கு ரயில் போகும்.
மேசை விளக்கு லேசாக நடுங்கும்.
வேலையை நிறுத்துவதில்லை.

முதல் பிரதியில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன்.
சாவி தேடும் ஷாட்டின் நடுவே
பதினோரு ஃபிரேம் கறுப்பு வைத்தேன்.
சமையலறைக் காட்சி மூன்று தரம் வரும்,
ஒவ்வொரு தரமும் குட்டையாகி.
முதலில் கோப்பை, கை, மனைவியின் முகம்.
பிறகு கோப்பை, கை.
பிறகு கோப்பை.
நீலச் சட்டை, அவர் தலையைத் திருப்புவதற்குள் பச்சையாகும்
(தயாரிப்பாளர் மின்னஞ்சல்: "பிழை. திருத்தவும்.").
கல்யாணத்தைக் கடைசிக்குத் தள்ளினேன்.
இயக்குநர் நெஸ்லிஹான் என் நாற்காலிக்குப் பின்னால்
சூரியகாந்தி விதை கொறித்தபடி
"கெட்டிக்காரி" என்றாள்.
எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நவம்பரில் அவரே வந்தார்.
நடித்தவர் அல்ல, கதைக்கு உரியவர்.
ரைன்ஹோல்ட் க்யூப்பர், அறுபத்திரண்டு வயது.
மூளைக்காய்ச்சல் வரும்வரை
பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்.
மழைக்கோட்டைக் கழற்றாமல் முழுப் படமும் பார்த்தார்.
அவருடைய தொப்பி மனைவி கோர்னேலியாவின் மடியில்.

விளக்கைப் போட்டதும் கேட்டார்:
"அந்தக் கறுப்பு எதுக்கு?"
மறதி, என்றேன்.
"யாருடைய மறதி?"

எனக்குப் பதில் வரவில்லை.
"எனக்குக் கறுப்பே கிடையாது, அம்மா.
அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன்,
கையில் தேநீர் இருக்கிறது.
நடுவில் ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை,
நடுவே இல்லை.
எனக்கு எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது.
இடறி விழுவது இவள்தான்."

அடுத்த ஐந்து நிமிடம் யாரும் எதுவும் பேசவில்லை.
பிறகு திரையைக் காட்டி
"எப்போது படம் போடுவீர்கள்?" என்றார்.

வெட்டு தெரியாமல் வெட்டுவதே வெட்டு என்று
கொலோனில் முதல் வருடமே படித்திருக்கிறேன்.
அதற்குள் இப்படி ஒரு ஆள் நிற்கிறார் என்று
அங்கே யாரும் சொல்லவில்லை.

கறுப்பை எல்லாம் பிடுங்கினேன்.
மார்ச்சில் தூக்கிய கெண்டியை நவம்பரில் இறக்கினார்,
கையின் ஒரே வீச்சில்.
ஜன்னலில் மட்டும் பனி.
தண்ணீர் கொதிக்கும் சத்தத்தை இரண்டு மாதங்களுக்கும்
ஒரே போர்வையாகப் போர்த்தினேன்.
சட்டை நீலமாகவே இருந்தது.
தயாரிப்பாளர் எழுதினார்: "இப்போது ஒரு பிழையும் இல்லை."

கழித்துப் போட்டதற்கு 'மிச்சம்' என்று பெயர் வைத்திருந்தேன்.
நாற்பத்தேழு நிமிடம்.
போலீசுக்குத் தொலைபேசி எடுப்பது,
அவர் காலணிக்குள் முகவரிச் சீட்டை ஒட்டுவது,
படிக்கட்டில் காத்திருப்பது,
திரும்பவும் காத்திருப்பது.
பெரும்பாலும் அவள்.

அதைப் பற்றிக் கோர்னேலியா கேட்டாள்.
ஒரு வருடம் வைத்திருப்போம், பிறகு அழிப்போம் என்றேன்.
"எனக்குத் தாருங்கள்."
அதில் நடிப்பது வேறொருவர் அல்லவா என்றேன், முட்டாள்தனமாக.
"தெரியும். ஆனால் அந்த நேரங்களில்
என்னைத் தவிர யாரும் இருக்கவில்லை.
வேறு யாரோ அங்கே நின்றதைப்
பார்த்தால் போதும்."

எட்டு யூரோ பென்டிரைவ்.
பிரதி ஏறும்வரை இருவரும் பச்சைக் கோட்டையே பார்த்திருந்தோம்.
க்யூப்பர் விதைப் பொட்டலத்தில் கை விட்டு
"நல்லாயிருக்கே, என்ன இது?" என்றார், மூன்றாவது தரம்.
நெஸ்லிஹான் மூன்றாவது தரமும் சொன்னாள்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
நிறுத்தத்து மேடையில் இருவரும்.
அவர் தொப்பியை அவள் சரிசெய்தாள்.
இந்தப் பக்கத் தடத்தில் ஒரு ரயில் வந்து மறைத்தது,
போனது.
மேடை காலி.
ஏறியதை நான் பார்க்கவில்லை.