இருப்பு: பதினொன்று

திங்கள், புதன், வெள்ளி வண்டி எங்களுக்கு.
செவ்வாயன்று வலித்தால்
புதன்வரை வலிக்கட்டும் என்று
எந்த ஆணையிலும் எழுதவில்லை.
டீசல் அப்படித்தான் எழுதுகிறது.

மஞ்சக்குப்பத்தில் ஏறி
முதுநகர் ரயில்வே கேட்டில் நின்று
(இருதயராஜ் எஞ்சினை அணைத்துவிடுவார்,
மாதத்துக்கு இத்தனை லிட்டர்தான்)
சிங்காரத்தோப்பு மணலில் இறங்கும்வரை
பஞ்சுச் சுருளும் கிடுக்கியும்
மடியில் குலுங்கும்.

தேசிங்குக்குத் தாடையில் புண்.
விசைப்படகில் முப்பது வருஷம்,
தூக்கத்தை விரட்ட வாயில் அடக்கிய புகையிலை.
பெரிய ஆஸ்பத்திரி மூன்று சீட்டு எழுதி
நாலாவதில்
‘வீட்டில் வைத்துப் பார்க்கவும்’ என்றது.
யார், எதைக்கொண்டு, எத்தனை ராத்திரி,
எல்லாம் அந்தப் ‘பார்க்கவும்’ உள்ளே
மடித்து வைத்திருந்தது.

முதல் நாள் பூங்காவனம்
வாசலிலேயே கேட்டாள்:
“கொணமாக்கவா வந்திருக்கீங்க?”
“இல்லம்மா.”
“அப்ப உள்ள வாங்க.
ஆக்குறேன்னு சொன்னவங்களுக்குத்தான்
வலைய வித்தோம்.”

கழுவி, புழு எடுத்து,
மாத்திரையைப் பொடித்துத் தூவினால்
மூன்றாம் நாள் நாற்றம் இறங்கும்.
இறங்கியது.
அதன்பிறகே பக்கத்து வீட்டுப் பையன்
கைப்பேசியில் கிரிக்கெட் காட்ட
கட்டிலோரம் வந்து உட்கார்ந்தான்.

மார்ஃபின் நாலு மணிக்கொன்று,
படுக்கும்போது இரண்டு, ஆக ஆறு.
எழுத வராத பூங்காவனம்
சுவரில் கரிக்கோடு போட்டாள்,
மீன்கூடைக் கணக்கு மாதிரி.
ஒரு கோடு பிசகியதில்லை.
இரட்டைப் பூட்டு அலமாரிக்குள் இருக்கும்
எங்கள் பதிவேட்டில்
இரண்டு இடத்தில் அடித்தல் உண்டு.

ஆய்வுக் கூட்டத்தில்
திரையில் வட்டப்படம் போட்டவர் கேட்டார்:
“இவ்வளவு செலவுக்கு எத்தனை பேர் பிழைச்சாங்க?”
ஒருவரும் இல்லை, சார்.
எழுதிக்கொண்டார்.
தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது,
அடுத்து டெங்குவுக்குப் போனார்கள்.

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய நாள்
தேசிங்கு போனார்.
பூங்காவனம் போனில் சொன்னது இவ்வளவுதான்:
“கத்தல. நல்லா தூங்கினாப்லதான் இருந்துது.”

கருமாதி முடிந்த மறுநாள், செவ்வாய்,
காசு வாங்காத பஸ்ஸில் வந்து இறங்கினாள்.
முந்தானையில் ஒரு கற்பூர டப்பா.
“பதினொண்ணு மீதி.
எண்ணிக் குடுத்தீங்க,
எண்ணிப் பாத்துக்கோங்க.
வேற யாருக்காச்சும் ஆவும்.”

ஆகாது, அம்மா.
திரும்பி வந்ததைக் கொடுக்கக் கூடாது.
இரண்டு சாட்சி முன்னால் நசுக்கிக்
கரைத்துக் கொட்டிக்
கையெழுத்து வாங்க வேண்டும்.
விதி. காரணத்தோடு இருக்கும் விதிதான்.
நானே பயிற்சியில் மற்றவர்களுக்குச் சொன்னது.

இதை அவளிடம் சொல்லவில்லை.
சனிக்கிழமையிலிருந்து அலமாரி காலி என்பதையும்,
உரிமம் புதுப்பிக்கும் கோப்பு
எந்த மேசையில் படுத்திருக்கிறதென்று
எவருக்கும் தெரியாதென்பதையும்,
பச்சையாங்குப்பத்தில் வைரக்கண்ணு
முதுகெலும்பில் தீ வைத்தாற்போல்
இரண்டு ராத்திரியாகக் கிடக்கிறாள் என்பதையும்,
மேசையில் துடித்துத் துடித்து நகர்ந்த என் போனில்
அவள் மகள்தான் என்பதையும்.

பூங்காவனம் எழுந்தாள்.
போனவள் திரும்பினாள்.
“டப்பாவ மட்டும் குடுத்துடும்மா,
கற்பூரம் வைக்கணும்.”

உள்ளங்கையில் கொட்டிக்கொண்டேன்.
பதினொன்று.
இரண்டு நாளைக்கு ஒன்று குறைவு.

பிறகு என்ன செய்தேன் என்பதை
இங்கே எழுதப் போவதில்லை.
தணிக்கைக்காரர்களில்
கவிதை படிப்பவர்களும் உண்டு.

பதிவேட்டில் இருப்பு: சுழி.
அது உண்மை.
அன்று செவ்வாய், வண்டி இல்லை. அதுவும் உண்மை.
பச்சையாங்குப்பம் போகும் பஸ்ஸிலும்
பெண்களிடம் காசு வாங்குவதில்லை.