ரூம் டோன்

முதல் செமஸ்டரிலேயே சொல்லிவிடுவார்கள்:
எந்த அறையும் சும்மா இருப்பதில்லை.
ஆள் பேசி முடித்தபின் முப்பது நொடி
அறையை மட்டும் பதிவு செய்துகொண்டு வா.
எடிட்டில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
விழுகிற பள்ளத்தில்
அதைத்தான் கொட்டி நிரப்ப வேண்டும்,
ரோட்டுக்குத் தார் போடுகிற மாதிரி.

பி.எஸ்சி. விஸ்காம், கடைசி செமஸ்டர்.
வீட்டில் இன்னும் "கம்ப்யூட்டர் படிக்கிறா" என்றுதான் சொல்கிறார்கள்.
ஏழு நிமிட ஆவணப்படம். தலைப்பு எங்கள் இஷ்டம்.
பாதி வகுப்பு பாலாற்று மணலுக்குப் போனது,
மீதி கோட்டை அகழிக்கு.
நானும் அர்ஷியாவும் பாபுராவ் தெருவுக்கு.
பெயர்ப்பலகையில் வங்காளம் எழுதிய லாட்ஜுகள்,
கடுகெண்ணெய் வாசம்,
ஸ்கேன் உறையைத் தலைக்கு மேல் பிடித்து
வெயிலைக் கடக்கிறவர்கள்.

மூன்றாம் மாடி, முன்னூற்றேழு.
நிமாய் மண்டல். மால்டா பக்கம் ஏதோ ஊர்.
மனைவி ஆஸ்பத்திரியில், நாற்பத்தோரு நாளாக.
அதற்குள் அவர் பிடித்துவைத்திருந்த தமிழ்:
தண்ணி. எவ்ளோ. பில். நாளைக்கு.
"நாளைக்கு" மட்டும் நம்மைவிடச் சுத்தமாக வந்தது.
மற்றதற்கு, அர்ஷியாவின் பேரணாம்பட்டு உருதுவும்
அவருடைய இந்தியும்
பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.

மைக்கில் விழுகிறதென்று ஃபேனை நிறுத்தச் சொன்னேன்.
சித்திரைக்கு ஒரு வாரம் இருக்கிற வேலூரில்
ஒருவரிடம் அப்படிச் சொல்ல
மூன்று வருடம் படிக்க வேண்டியிருக்கிறது.
எழுந்து போய் நிறுத்தினார்.

நிறையச் சொன்னார். வீட்டுக் குளம், அடகு,
உள்ளே போகும்முன் கழற்றிய சங்கு வளையலை
நர்ஸ் ஒரு கவரில் போட்டு, பெயர் எழுதி,
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது.
அங்கே அர்ஷியா ஃபோகஸை நழுவவிட்டாள்.
பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை.

இனி முப்பது நொடி.
உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.
பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

ஹெட்ஃபோனில்
பக்கத்து அறைக் குக்கர், ஒரு விசில்.
பிளாஸ்டிக் வாளியில் குழாய்ச் சொட்டு.
ஆட்டோ. பிறகு ஆட்டோ இல்லாத தெரு.
அவர் மூச்சு, மூக்கில் லேசான அடைப்போடு.
இருபத்தியோராம் நொடியில்
தலையணைக்கடியில் போன் அதிர்ந்தது.

அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
நான்
(இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்)
உள்ளங்கையை உயர்த்தினேன்.
இருங்கள் என்று.
இருந்தார்.
இன்னும் ஒன்பது நொடி.
நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு இறங்கும் நேரம்.

பிறகு போனோடு, செருப்பில்லாமல்
படியிறங்கி ஓடினார்.
லிஃப்ட் இருந்தது.
நாங்கள் ஸ்டாண்டை மடக்கினோம், கேபிளைச் சுற்றினோம்,
வேறென்ன செய்வதென்று தெரியாமல்
ஃபேனைப் போட்டுவிட்டு வந்தோம்.

நான்கு நாள் கழித்து
முன்னூற்றேழில் ஒரு திரிபுராக் குடும்பம்.
"காலி பண்ணிட்டாரு."
ரெண்டு பேரா, ஒருத்தரா என்று கேட்டாள் அர்ஷியா.
அதெல்லாம் லெட்ஜரில் எழுதுவதில்லையாம்.
ஒப்புதல் படிவத்தில் அவர் எழுதித் தந்த எண்ணை
மூன்று தடவை எண்ணினேன்.
ஒன்பது இலக்கம்தான்.

எடிட் லேபில், இருபத்தியோராம் நொடிக்கு முன்னால் வெட்டினேன்.
அதையே திரும்பத் திரும்ப ஒட்டினேன்.
அவர் பேசுகிற ஏழு நிமிடத்துக்கும் அடியில்
அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.
எஸ்தர் மிஸ் கண்ணை மூடிக் கேட்டார்:
"ஆடியோ ரொம்ப கிளீன்."
இருபதுக்குப் பதினெட்டு.
உபகரண அறைக் கோதண்டம் பதிவேட்டை நீட்டினார்.
கேமரா ஒன்று, லேப்பல் மைக் ஒன்று, சேதம் இல்லை.
கையெழுத்துப் போட்டேன்.

மிச்ச ஒன்பது நொடியை அழிக்கவில்லை.
பென்டிரைவில் கிடக்கிறது,
அக்கா வளைகாப்பு வீடியோவுக்குப் பக்கத்தில்.
போன வாரம் மாமா டிவியில் செருகி
தப்பாக அதை அழுத்திவிட்டார்.
வெறும் கறுப்புத் திரை.
"ஸ்பீக்கர்ல என்னவோ இரையுது," என்றார்,
"எதுக்கும் கழட்டிப் பாரு."