நூற்றிருபத்தேழு

குருநகர், இரவு பதினொன்று.
பல்லிடையில் ரியூப்.
ஊதுகிறேன்;
திரையில் பூச்சியத்திலிருந்து ஏறுகிறது கோடு.
நூற்றிருபத்தேழுக்கு மேல்
மூச்சுக்கு இடமில்லை.

எந்த ஊரிலோ
யாரோ ஊதி வைத்த பித்தளை
என் அறையில் விழிக்கிறது,
பன்னிரண்டு மில்லிசெக்கன் பிந்தி.

அறுபதில் முட்டு இழுத்தது.
கோடு நடுங்கிற்று.
ட்ரொம்போனும்.

"நேராக்கி விடவோ?"
மவுஸில் கை வைத்தபடி ஜெனிஸ்ரன்.
"விடு" என்றேன்,
இன்ஹேலரைத் துழாவிக்கொண்டு.

மதிலுக்கு அப்பால் மரியசீலி அக்கா:
"ஆரப்பா, இந்த நேரத்தில
பாண்ட் கூட்டிக்கொண்டு வந்தது?"

பதில் சொல்வதற்குள் கறண்ட் போனது.
ஸ்பீக்கர் செத்தது.
லப்ரொப்பில் மட்டும்
சத்தமில்லாமல் ஏறியது கோடு.
ஊதுவதை நான் நிறுத்தவில்லை.

நெஞ்சுக்குள்ளிருந்து விசில்.
அது பிந்தவில்லை.