அறுபத்துநாலு கண்ணி

மாங்குளத்தில் வைகாசி. தகரம் கொதிக்கிறது.
மடியில் கம்பளி நூல்,
சுகிர்தா நோர்வேயிலிருந்து அனுப்பின இரண்டு உருண்டை.
"கடைக் கால்மேசு உரசுது. நீ பின்னித் தா.
மேல்விளிம்பில லேஸ் வேணும்.
அளவு உன்ர கால்தானே."

விரல் நுனியில் பதினாறு கண்ணி.
சுற்று விட்டுச் சுற்று நாலு கூடும்.
கீழிருந்து தொடங்கினால்
இடைக்கிடை போட்டுப் பார்க்கலாம்.
நூல் முடிகிற இடத்தில் மேசும் முடியும்.

போட்டுப் பார்ப்பது இடது காலில்.
வலது கூசும், வேர்க்கும்,
நுளம்பு கடித்தால் ஊசியோடு உதறும்.
இடது, ஜெய்ப்பூர்க் கால்.
கழற்றிக் கதவோரம் சாய்த்தால்
பின்னேரம் முழுக்க அசையாமல் நிற்கும்.
குதி திருப்பும்போது மட்டும்
இல்லாத இடத்தில் குறுகுறுக்கும்.
சொறிய வழியில்லை. பின்னுகிறேன்.

கணுக்காலுக்கு மேலே லேஸ்:
நூலை ஊசியில் ஒருக்கால் சுற்றினால் ஓர் ஓட்டை,
உடனே இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்க வேணும்.
எத்தனை ஓட்டை விட்டாலும்
எண்ணிக்கை குறையாது.
அறுபத்துநாலு.
நம்பாமல் திரும்ப எண்ணினேன்.
அறுபத்துநாலுதான்.

படம் அனுப்பினேன்.
"ஐயோ வடிவு! உந்த வெக்கைக்குள்ள
எப்பிடியடி போட்டனி?"

வேர்க்காத காலில, என்று எழுதினேன்.