நாற்பத்திரண்டு நாள்

மூன்றாம் மாடி. லிப்ட் பழுது.
மூச்சிரைக்க வந்து நின்றார்
பிரமிளா அருளம்பலம்,
போன மாதம்வரை கனம் நீதிபதி,
இப்போது வேட்பாளர்.
அவர் குடையிலிருந்து என் கால்மிதியில்
குரொய்டன் மழை சொட்டியது.

அவர் வந்தால் எல்லோரும் எழும்புகிற அறையில்
ஆறு வருஷத்துக்கு முன் நானும் எழும்பினேன்.
வீட்டுக்காரனின் வக்கீல் இரண்டு நிமிஷம் பேசினார்.
நான் தமிழில் சொன்னேன்:
வேலை போனது, மூத்தவளுக்குச் சோதனை வருவது,
குளியலறைச் சுவரில் பூஞ்சணம்.
எங்கட பிள்ளைதானே, விளங்கும் என்று
வடிவாய்த்தான் சொன்னேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
எங்கள் இருவருக்கும் நடுவே
லூட்டனிலிருந்து ரயிலேறி வந்த ஒருவர்
மணிக்கணக்குக் கூலிக்கு
என் வாழ்க்கையை ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தார்.
அது வந்து முடியும்வரை காத்திருந்து
"நாற்பத்திரண்டு நாள்" என்றார்.
பேனாவை மூடினார்.
அடுத்த வழக்கு.

பிறகு கோயிலில் கேள்விப்பட்டேன்.
தகப்பனுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலையாம்.
ஊருக்குப் பெயர் மிச்சம்;
மாதக் கடைசியில் அவருக்கு
ஒன்றும் மிஞ்சினதில்லையாம்.
தடித்த கண்ணாடிக்குப் பின்னால்
சிகரெட் தட்டுக்குக் கீழே
கவிழ்த்த பால்பெட்டியில் குந்தியிருந்து
பிள்ளை சட்டம் படித்ததாம்.
தாய், விமானச் சாப்பாட்டுத் தட்டுகளில்
விடிய விடிய வெண்ணெய்க்கட்டி வைப்பவவாம்.
எனக்குப் பெருமை வரவில்லை.
பெட்டி இறக்கிக்கொண்டிருப்பவனுக்கு
இன்னொருத்தி ஏறின படிக்கணக்கு எதுக்கு?

இப்போது அவர் நிற்கிறார்.
நான் உட்காரச் சொல்லவில்லை.
"அண்ணை, உங்கட வாக்கு..."
துருப்பிடித்த தமிழ்.
"அன்றைக்கு நான் சொன்னது விளங்கினதோ?"
கேட்டுவிட்டேன்.
நெளிந்த குடைக்கம்பியை ஒருதரம் நிமிர்த்தினார்.
"பூஞ்சணம்" என்றார். "குளியலறைச் சுவர்."
பிறகு,
"எல்லாம் விளங்கினது.
ஆங்கிலத்தில் வந்தால்தான் பதிவில் ஏறும்."
மன்னிப்புக் கேட்கவில்லை.
துண்டுப்பிரசுரத்தைத் தந்துவிட்டு
எதிர்வீட்டு மணியை அழுத்தப் போனார்.

அவித்த முட்டையை உரித்தபடி வாசித்தேன்.
மூன்றாம் பக்கம், சின்ன எழுத்து:
வீட்டைவிட்டுப் போகச் சட்டம் தருவது பதினாலு நாள்.
பெருந்துன்பம் என்றால், கூடினால் நாற்பத்திரண்டு.
அதற்குமேல் ஒரு நாள்கூட
என் கையில் இருந்ததில்லை.
ஆகவே போட்டியிடுகிறேன்.

இருந்ததையெல்லாம் எனக்குத் தந்தாரா,
வாக்குக்கு எழுதிய வரியா?
நாற்பதாம் நாள் மூத்தவள்
கணிதச் சோதனை எழுதி முடித்தாள். உண்மை.
நாற்பத்துமூன்றாம் நாள்
விடுதி அறையில் இரண்டு கட்டிலில்
ஐந்து பேர். அதுவும் உண்மை.

முட்டைக்கோதைப் பிரசுரத்தில் கொட்டினேன்,
பிறகு உதறி மடித்துவைத்தேன்.
வாக்களிப்பு வியாழக்கிழமை.
இருதரப்பும் கேட்டாயிற்று.
தீர்ப்பு
ஒத்திவைக்கப்படுகிறது.