மூன்று மிஸ்டு கால்

செல்லூரில் எனக்கு வாய்த்தது ஒரு மாடியறை.
கீழே எட்டு விசைத்தறி.
காலை ஆறரைக்கு ஓடத் தொடங்கினால்
குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாய் அலை எழும்.
அந்த அறைக்குத்தான்
ஒரு மழை இரவில், கோரிப்பாளையத்தில் இறங்கி நடக்கையில்,
பால்கடை ஷட்டரடியில் கிடந்ததைத்
துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு வந்தேன்,
ஹவுஸ் ஓனருக்குத் தெரியாமல்.
கைக்குள் அடங்கிய சூடு.
வேகவைத்த மொச்சையின் நிறம். பெயரும் அதுவே.

எட்டுப் பத்துக்கு மாட்டுத்தாவணி பஸ்.
ஆஸ்பத்திரியில் பில் கவுண்டர், இரண்டாம் எண்.
மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி.
போக இருபத்தைந்து நிமிஷம், வர இருபத்தைந்து,
அதுவும் சிக்னல் மனசு வைத்தால்.
எப்படிக் கூட்டினாலும்
அந்த அரைமணிக்குள் ஒரு நாய்க்குட்டி நுழையவில்லை.

ஆகவே நாலரைக்கு எழுந்தேன்.
தயிர்ச்சோற்றைக் குழைத்து, விரலில் தொட்டு ஊட்டி,
படியில் இறக்கி, ஏற்றி,
சமையலறை வாசலைப் பலகையால் அடைத்து,
பழைய பேப்பர் விரித்து
(ஞாயிற்றுக்கிழமை மணமகன் தேவை பக்கத்தைத்தான்
முதலில் நனைக்கும், நல்ல பிள்ளை),
என் வாசத்துக்கு ஒரு பழைய நைட்டியும் போட்டு
‘வந்துடுவேன்’ என்று சொல்லிப் பூட்டுவேன்.
அதற்கு ‘வந்துடுவேன்’ என்றால்
கதவு சாத்தும் சத்தம் என்றுதான் அர்த்தமாகியிருக்கும்.

ஏழரைக்குத் திறந்தால்
காலடியில் வந்து விழும். வால் உடம்பை ஆட்டும்.
கிண்ணம் காலி. செருப்பில் ஒரு வார் காலி.
கீழே தார் சுற்றும் அழகுராணியிடம் கேட்பேன்:
‘சத்தம் போட்டுச்சா?’
‘ஒரு மூச்சுக் கெடையாதுக்கா.’
பொறுமைசாலி என்று நம்பினேன்.
பக்கத்து சீட்டு ஜெபமணியிடம்
பெருமை வேறு பீற்றிக்கொண்டேன்.

பிறகு வந்தது மாதாந்திரப் பராமரிப்பு.
ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை.
எட்டுத் தறியும் நின்றன.

அன்று இரவு அழகுராணி படியேறி வந்தாள்,
தலைமயிரில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல்.
‘அது இன்னைக்கு மட்டும் அழுகலக்கா.
விட்டு விட்டு, ஒரே மாதிரி,
ஆளு வராதுன்னு தெரிஞ்ச அழுகை.
தெனமும் அழுதிருக்கு. நாங்கதான் கேக்கல.’

முப்பத்தாறு நாள்.
நாளுக்குப் பதினோரு மணி இருபது நிமிஷம்.
கூட்டுவதும் பெருக்குவதும்தான் என் வேலை.
இதை மட்டும் போட்டு முடிக்கவில்லை.
மொச்சை என் கணுக்காலில் தாடையை வைத்துக்
குறட்டை விட்டது.

மறுநாள் சாவியை நீட்டினேன்.
ஒருத்தரிடம் ஒரு சாவியைக் கொடுக்க
எனக்கு எத்தனை வருஷம் ஆனது என்பது
நாய்க்குட்டிக் கவிதையில் வராது.
அவள் போனில் காசு நிற்காது. ஆகவே ஒப்பந்தம்:
ஒரு மிஸ்டு கால் என்றால் தின்றுவிட்டது.
இரண்டு என்றால் பேப்பரிலேயே போனது.
பணம் வேண்டாமாம்.
‘ஒரு ஜோடி செருப்பு எடுத்துக் குடுங்க.
எனதையும் கடிச்சிருச்சு.’

இரண்டு மணிக்கு மேஜை டிராயருக்குள்
ஒரு நடுக்கம் வந்து நிற்கும்.
ஸ்கேன் பில் அடிக்கிற கை
தானாக லேசாகும்.

நேற்று மூன்று அடித்தது.
மூன்றுக்கு நாங்கள் ஒன்றும் பேசிவைக்கவில்லை.
வரிசையில் பதினாலு பேர்.
எழுந்து ஜெனரேட்டர் பக்கம் ஓடிக் கூப்பிட்டேன்.
எடுத்தாள். பேசவில்லை.
போனை எதன் பக்கமோ நீட்டிப் பிடித்திருக்கிறாள்.
முதலில் எட்டுத் தறியும் கேட்டன.
அப்புறம் அதற்கு மேலே,
ஒரு தடவை,
தன் சத்தத்துக்குத் தானே பயந்து நின்று,
மறுபடி:
என்னிடம் ஒருநாளும் குரைத்ததில்லை அது.

‘யாரப் பாத்துன்னு தெரியுமாக்கா?’
சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.
‘ஒங்க ஹவுஸ் ஓனரப் பாத்து. படியிலயே நிக்கிறாரு.’

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
மேலூர்க்காரர் ஒருவர் கண்ணாடித் துளைக்குக் குனிந்து
‘பாக்கி நாப்பது ரூவாம்மா’ என்றார்.
அறுபதாக எண்ணிக் கொடுத்தேன்.
என் முகத்தைப் பார்த்தார்.
இருபதை எடுத்து
சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.